ஓங்கல் அரிப்பு: காற்று வேகத்துக்கும் பின்வாங்கலுக்கும் தொடர்பு ஏன் தெரிவதில்லை? (ஓர் இணைய விவாத இழை; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

கரைக்கோடு

எங்கள் ஓங்கல் (கடலோரச் செங்குத்துப் பாறைச் சுவர்) 18 மீட்டர் உயரம். அடியில் 4 மீட்டருக்குக் களிப்பாறை, அதன் மேல் 14 மீட்டருக்கு இறுக்கம் குறைந்த மணற்கல். முன்னால் குறுகலான மணல் கரை. அடிவாரம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 2.4 மீட்டர் மேலே இருக்கிறது. மாதம் ஒரு ட்ரோன் அளவீடு என்று இரண்டு வருடத் தரவு கையில் உள்ளது. பக்கத்திலேயே ஒரு காற்றுமானி.

மாதத்தின் உச்சக் காற்று வேகத்தையும் அந்த மாதம் விழுந்த பாறையின் கன அளவையும் வரைபடத்தில் போட்டால் புள்ளிகள் கண்டபடி சிதறுகின்றன. பலத்த காற்று அடித்த மாதங்களில் ஒன்றுமே விழவில்லை. காற்றே இல்லாத ஒரு மாதத்தில்தான் மிகப் பெரிய துண்டு விழுந்திருக்கிறது. காற்றுதான் அலையை உண்டாக்குகிறது, அலைதான் அரிக்கிறது என்றால் இந்தத் தொடர்பு ஏன் தெரியவில்லை? எந்த மாறிகளை எடுத்தால் சரியாக வரும்?

ஓதமானி

காற்றுமானி காட்டுவது அந்த இடத்தில் அந்த நேரத்தில் அடித்த காற்றை மட்டும். ஓங்கலின் அடியில் மோதும் அலையை எழுப்பிய காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நாலைந்து நாள் முன்பே அடித்து ஓய்ந்திருக்கலாம். 16 விநாடிக் காலமுள்ள (ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 16 விநாடி) நெடுவீச்சு அலையின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் நகரும். ஒரு நாளில் ஆயிரம் கி.மீ. தாண்டிவிடும். கேரளக் கரையில் கள்ளக்கடல் என்கிறார்களே, அது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் அலைதான். கரையில் இலை அசையாத நாளில் கடல் ஏறி வரும். உங்கள் காற்றுமானிக்கு அது தெரியவே தெரியாது.

உள்ளூர்க் காற்றே அலையை எழுப்பினாலும் வேகம் மட்டும் போதாது. எத்தனை மணி நேரம் அடித்தது, எவ்வளவு நீளத் திறந்த கடலின் மேல் அடித்தது என்பதும் வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி மணிக்கு 80 கி.மீ. அடித்தாலும் உங்கள் ஓங்கலுக்கு அலை வராது. அதனால் முதல் வேலையாக, கரைக்குச் செங்குத்தான திசைக் கூறை மட்டும் பிரித்தெடுங்கள்.

அடுத்தது நீர்மட்டம். இதை விட்டுவிட்டுப் போடும் கணக்கு எதுவும் உருப்படாது. ஆழம் குறைந்த நீரில், அலையின் உயரம் நீர் ஆழத்தில் சுமார் 0.78 பங்கைத் தாண்டும்போது உடைந்துவிடும். அடிவாரத்தில் 1 மீட்டர் தண்ணீர் நின்றால், வெளியே 5 மீட்டர் அலை அடித்தாலும் பாறைக்கு வந்து சேருவது 80 செ.மீ.க்குள்தான். தண்ணீரே அடிவாரத்தைத் தொடவில்லை என்றால் அந்தப் புயல் உங்கள் ஓங்கலைப் பொறுத்தவரை வெறும் சத்தம்.

உங்கள் 2.4 மீட்டரை வைத்தே பார்க்கலாம். அலை உயரம் 3 மீட்டர், காலம் 10 விநாடி, கரைச் சரிவு 20-க்கு 1 என்று கொள்ளுங்கள். ஸ்டாக்டன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட சூத்திரப்படி அலை ஏற்றம், அதாவது அலை கரைமேல் ஏறும் உயரம், ஏறத்தாழ 1.3 மீட்டர் வரும். (அலையால் உயரும் சராசரி மட்டமும் இதிலேயே அடங்கிவிடும், தனியாகக் கூட்டாதீர்கள்.) காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் 1 செ.மீ. உயரும். 1013-லிருந்து 993-க்கு இறங்கினால் 20 செ.மீ. காற்று தள்ளி ஏற்றும் தண்ணீர் இன்னொரு 20 செ.மீ. என்று வையுங்கள். மொத்தம் 1.7 மீட்டர்.

இது உயர் ஓதத்தில் (கடல் ஏற்றத்தின் உச்சம், +0.9) வந்தால் 2.6 மீட்டர், அடிவாரத்தைத் தொடும். தாழ் ஓதத்தில் (−0.9) வந்தால் 0.8 மீட்டர்தான், கரை மணலோடு நின்றுவிடும். புயல் ஒன்றே, ஆறு மணி நேரம் தள்ளி வந்ததுதான் வித்தியாசம். பலத்த காற்று இருந்தும் இழப்பு இல்லாத மாதங்களில் பாதியாவது இதற்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே மணிக்கு மணி மொத்த நீர்மட்டத்தைக் கணக்கிட்டு, அது 2.4-ஐத் தாண்டிய மணி நேரங்களை மட்டும் எண்ணுங்கள். அந்த மணி நேரங்களில் அலை உயரத்தின் வர்க்கத்தை அலையின் காலத்தால் பெருக்கிக் கூட்டினால் அதுதான் உங்கள் அலை மாறி. அலைத் தரவு இல்லையென்றால் ஈரா5 (ERA5) என்ற உலகளாவிய வானிலை மறுஆய்வுத் தரவில் 1940 முதல் மணிவாரியாகக் கிடைக்கிறது. அந்தத் தரவு வலையின் கண்கள் பெரியவை என்பதால் ஆழ்கடல் புள்ளியை எடுத்து நீங்களேதான் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஈரமண்

ஓதமானி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் களிப்பாறை மேல் மணற்கல் உட்கார்ந்திருக்கும் ஓங்கலில் அலையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

மழைநீர் மணற்கல்லில் இறங்கும், களிப்பாறையில் இறங்காது. இரண்டும் சேரும் இடத்தில் தேங்கிப் பக்கவாட்டில் நகர்ந்து, ஓங்கலின் முகத்தில் கசியும். முகத்தில் ஒரே மட்டத்தில் ஈரக்கோடு, பாசி, செடி வரிசை தெரிகிறதா பாருங்கள். கேரளத்தின் வர்கலாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மேலே செம்பாறை, கீழே மணற்கல்லும் களியும், இடையிலிருந்து ஊற்று. அந்தக் கசிவு மணற்கல்லின் அடித்துகள்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, அலையின் உதவியே இல்லாமல் ஒரு குடைவை உண்டாக்கும்.

தேங்கும் தண்ணீர் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 10 கிலோபாஸ்கல் நுண்துளை அழுத்தத்தைக் கூட்டும். அந்த அளவுக்குப் பாறைத் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் விசை குறையும், உராய்வும் குறையும். மேல் விளிம்புக்குப் பின்னால் இருக்கும் இழுவிசை விரிசலில் தண்ணீர் நிறைந்தால் நிலைமை இன்னும் மோசம். 1.5 மீட்டர் ஆழம் நிறைந்தால் விளிம்பின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 11 கிலோநியூட்டன் வெளியே தள்ளும். 3 மீட்டர் நிறைந்தால் 44. ஆழம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு.

இதெல்லாம் மழை பெய்த அன்றே நடப்பதில்லை. மேலோட்டச் சரிவு சில மணியிலோ ஓரிரு நாளிலோ வரும். ஆழமான சரிவுக்கு வாரங்கள், சில இடங்களில் மாதங்களே ஆகும். நீங்கள் மாத மழையை அதே மாத இழப்போடு வைத்தால் மழையும் உங்களிடம் தொடர்பு காட்டாது. 3 நாள், 10 நாள், 30 நாள், 90 நாள் முன்மழை என்று நாலு சாளரங்களாக எடுத்துப் பாருங்கள்.

காற்றும் மழையும் இல்லாத மாதத்தில் பெரிய துண்டு விழுந்ததிலும் எனக்கு வியப்பில்லை. இறுக்கம் குறைந்த மணற்கல் நிமிர்ந்து நிற்பதில், துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் ஈரத்தின் உறிஞ்சுவிசைக்குப் பெரிய பங்கு உண்டு. முழுக்க நனைந்தாலும் அந்தப் பிடி போய்விடும், முழுக்கக் காய்ந்தாலும் போய்விடும். கலிபோர்னியாவின் என்சினிடாஸில் 2019 ஆகஸ்ட் 2 அன்று ஓங்கல் இடிந்து மூன்று பேர் இறந்தது கோடைக்கால வெயில் நாளில். வெளியே பார்த்தால் காரணம் எதுவும் தெரியாத நாள் அது.

ஓதமானி

முன்மழைச் சாளரத்தை ஏற்கிறேன். ஆனால் அமைதியான மாத விழுகையை ஈரத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. அடிவெட்டு எவ்வளவு ஆழம் என்று முதலில் தெரிய வேண்டும்.

மேலே 14 மீட்டர் மணற்கல், அடியில் அலை குடைந்த வெட்டு. தொங்கும் பகுதியை ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு நீட்டி நிற்கும் தளமாக எடுத்துக்கொண்டால், பின்பக்க மேல் விளிம்பில் வரும் இழுவிசை அடிவெட்டு ஆழத்தின் வர்க்கத்தோடு ஏறும். கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் எடை என்றால், 1.5 மீட்டர் வெட்டுக்குச் சுமார் 10 கிலோபாஸ்கல். 3 மீட்டர் வெட்டுக்கு 39. கடைசிப் புயல் வெட்டை 2.8-க்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். அதன்பின் விரிசல் தன்போக்கில் மெல்ல வளர்ந்து, ஆறு வாரம் கழித்து ஓர் அமைதியான காலையில் அறுந்து விழும். விழுந்த நாளின் வானிலை, விழவைத்த வானிலை இல்லை.

விழுகைக்கு முந்தைய அளவீடுகளில் அடிவெட்டு தெரிகிறதா? ட்ரோன் கேமரா நேர் கீழே பார்த்து எடுத்திருந்தால் தெரிந்திருக்காது. அப்படியானால் விழுகையின் முக்கியமான மாறியே உங்களிடம் இல்லை.

ஈரமண்

அடிவெட்டு இருந்தால் அந்த வாதம் நிற்கும். இல்லாவிட்டால்? பக்கவாட்டு வடிவத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். முகம் செங்குத்தாக, அடியில் வெட்டுடன், குப்பை ஒன்றும் சேராமல் சுத்தமாக நின்றால் கடலின் கை ஓங்கியிருக்கிறது. மேல் விளிம்பு உருண்டு, சரிவு சாய்ந்து, அடியில் கூம்பு கூம்பாகக் குப்பை கிடந்தால் மழையும் சிதைவும் கொண்டு வந்து போடுவதைக் கடலால் அள்ள முடியவில்லை.

அந்தக் குப்பைக் குவியலையும் தனி மாறியாக எடுங்கள், கரைக்கோடு. பெரிய விழுகைக்குப் பின் குவியல் அடிவாரத்தை மூடிக் காக்கும். அலை முதலில் அதை அள்ளி முடிக்க வேண்டும், பிறகுதான் பாறைக்கு வரும். களியும் உதிரி மணலுமான குவியல் சில வாரத்தில் போய்விடும், பெரிய மணற்கல் கட்டிகள் வருடக் கணக்கில் கிடக்கும். அந்தக் காலத்தில் வரும் புயல்களுக்கு இழப்பு பூஜ்யமாகத்தான் பதிவாகும். வரைபடத்தில் அந்தப் புள்ளிகள்தான் உங்களைக் குழப்புகின்றன.

உப்புக்கல்

அலை, மழை இரண்டும் பேசியாயிற்று. காற்று நேரடியாகச் செய்யும் வேலை ஒன்று விட்டுப்போயிருக்கிறது: உலர்த்துவது.

அலைத் தெறிப்பு உப்பை முகத்தில் பூசுகிறது. பாறையின் நுண்துளைக்குள் உப்புநீர் போகிறது. காற்று மெதுவாக அடித்தால் ஈரம் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகி, உப்பு வெளியே வெள்ளையாகப் பூக்கும். கையால் துடைத்தால் போய்விடும், பாறைக்குக் கெடுதல் குறைவு. காற்று பலமாகவும் வறட்சியாகவும் அடித்தால், உள்ளிருந்து ஈரம் வந்து சேரும் வேகத்தைவிட மேற்பரப்பு வேகமாகக் காயும். ஆவியாகும் இடம் சில மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். படிகம் துளைக்குள்ளேயே வளர்ந்து துகளைப் பெயர்க்கும். கைபட்டால் மணல் மணலாக உதிரும் தோல், வெங்காயச் செதில் மாதிரி உரியும் பட்டை, தேன்கூட்டுக் குழிகள் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75%-ஐத் தாண்டும்போது ஈரத்தை இழுத்துக் கரையும், கீழே இறங்கும்போது மறுபடி படிகமாகும். கடற்கரையில் இரவு 85, மதியம் 60 என்று போனால் தினம் ஒரு சுற்று. எனவே ஈரப்பதமானித் தரவு இருந்தால் சராசரியை எடுக்காதீர்கள், 75%-ஐ எத்தனை முறை கடந்தது என்று எண்ணுங்கள்.

இந்தச் சிதைவு எங்கே அதிகம் என்றால், தெறிப்பு படும் ஆனால் மழை கழுவாத இடத்தில். துருத்திய பாறைக்கு அடியில், பக்கச் சுவரில். அலை நேராகக் கழுவும் அடிப்பகுதியில் உப்பு தங்குவதில்லை. ஓங்கலின் நடு உயரத்தில் குழிகள் கூட்டமாக இருப்பதற்கும் கீழே வழவழப்பாக இருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கரையைப் பார்த்து அடிக்கும் காற்றுடன் வரும் மழையும் வேறு கணக்கு. செங்குத்து முகத்தில் காற்றில்லாத மழை படவே படாது. 2 மி.மீ. துளி விநாடிக்கு சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழும். காற்று விநாடிக்கு 15 மீட்டர் அடித்தால், மணிக்கு 10 மி.மீ. மழைக்குச் செங்குத்துப் பரப்பில் 23 மி.மீ. வரை வரும். அது காற்று தடையின்றி ஓடினால். ஓங்கல் முன் காற்று தேங்கி மேலே வளைவதால் நடுமுகத்துக்கு இதைவிடக் குறைவாகவும், மேல் விளிம்பை ஒட்டி அதிகமாகவும் நனையும். மேல் இரண்டு மூன்று மீட்டர் மட்டும் தனியாக வரிவரியாக அரிக்கப்பட்டிருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மணல்துளி

காற்றில் பறக்கும் மணல் ஓங்கலைத் தேய்ப்பதில்லையா? பாடநூல்களில் காற்றரிப்பு என்று ஒரு படம் எப்போதும் இருக்கும்.

உப்புக்கல்

தேய்க்கும், ஆனால் எல்லை குறுகியது. கால் மில்லிமீட்டர் அளவுள்ள உலர் மணல் நகர ஆரம்பிக்க, 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்று விநாடிக்கு சுமார் 5 முதல் 6 மீட்டர் வேண்டும். அதற்கு மேல் நகரும் அளவு ஏறத்தாழ வேகத்தின் கனத்தோடு கூடும். ஆனால் துள்ளும் மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து அரை மீட்டருக்குள்தான் பறக்கிறது. ஆகவே தேய்மானம் அடிவாரத்தில் ஒரு தாழ்வான பட்டையோடு முடிகிறது. கரை மணல் கொஞ்சம் ஈரமாக இருந்தாலே மணல் எழாது. புயல் நாளில் கரை நனைந்துதான் இருக்கும். பாலைவனத்துப் படத்தைக் கடலோர ஓங்கலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

காற்று மணலை வைத்துச் செய்யும் பெரிய வேலை வேறு: கரையிலிருந்து அப்புறப்படுத்துவது. அடிவாரத்தின் முன் மணல் தடிமனாக இருந்தால் கவசம். மெலிந்தால் அதே மணல் அலையின் கையில் உளியாகிறது, வெறும் தண்ணீரைவிட வேகமாக அறுக்கும்.

கரைநிலவியல்

மணல் கவசத்துக்கு இங்கிலாந்தின் ஹோல்டர்னஸ் கரை நல்ல எடுத்துக்காட்டு. பனியாறு விட்டுப்போன களிமண் ஓங்கல், சராசரியாக ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் பின்வாங்குகிறது. 1951 முதல் சுமார் 500 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டு அளந்து வருகிறார்கள். ஆனால் அந்தச் சராசரியை எந்தக் கம்பத்திலும் அப்படியே எதிர்பார்க்க முடியாது. கரை மணல் தாழ்ந்த பள்ளப் பகுதிகள் அங்கே இருக்கின்றன. வடகிழக்குப் புயல்கள் அவற்றை ஆண்டுக்கு ஏறத்தாழ அரை கி.மீ. தெற்கே நகர்த்துகின்றன. பள்ளம் எந்தக் கம்பத்துக்கு முன்னால் வருகிறதோ அங்கே அரிப்பு எகிறும், கடந்து போனால் தணியும். ஒரே காற்று, ஒரே அலை, இருந்தும் இரண்டு கம்பங்களுக்கு இரண்டு விடை.

அதனால் கரைக்கோடு, ட்ரோன் தரவில் பாறையை மட்டும் வெட்டி எடுத்து மணலைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு மாதமும் அடிவாரத்தில் மணல் மட்டம் என்ன என்று 10 மீட்டர் இடைவெளியில் குறியுங்கள். ஓதமானி சொன்ன 2.4 மீட்டர்க் கணக்கும் நிலையான எண் இல்லை. ஒரு புயல் மணலை 80 செ.மீ. இறக்கிவிட்டால் அடுத்த புயலுக்கு அடிவாரம் 1.6 மீட்டர்தான். முதல் புயல் கதவைத் திறக்கும், அடுத்து வரும் சின்னப் புயல் உள்ளே நுழையும். இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி, அதற்குள் மணல் திரும்பியதா என்பதுதான் பல இடங்களில் தீர்மானிக்கிறது.

வடகரை

இந்த இழையில் குளிர் வரவேயில்லை, அதையும் சேர்க்கிறேன்.

2018-இல் வெளியான உலகளாவிய ஓங்கல் தரவுத்தொகுப்பில் பின்வாங்கலின் இடைநிலை வேகம் கடினப் பாறைக்கு ஆண்டுக்கு 2.9 செ.மீ., நடுத்தரத்துக்கு 10 செ.மீ., பலவீனமானதற்கு 23 செ.மீ. என்று வந்தது. பாறையின் வலிமைதான் முதல் காரணி. அலை சார்ந்த அளவுகளோடு அந்த அளவில் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை, உறைபனி நாட்களின் எண்ணிக்கையோடு கிடைத்தது. ஓதமானி இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார் என்று தெரியும்.

உறையும் தண்ணீர் 9% விரியும். துளைகள் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தால்தான் அது பாறையை உடைக்கும், பாதி காலியாக இருந்தால் விரிய இடம் கிடைத்துவிடும். அதனால் உறைபனி மட்டும் அல்ல, அதற்கு முந்தைய வாரத்து மழையும் வேண்டும். மென்சுண்ணக்கல் ஓங்கல்கள் குளிர்கால மழைக்குப் பின் வரும் உறைபனியில் கூட்டமாக உதிர்வது இதனால்தான்.

அலாஸ்காவின் ட்ரூ பாயிண்ட் பக்கம் இன்னொரு வகை. ஓங்கலையே பனிக்கட்டிதான் ஒட்டிப் பிடித்திருக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீர் அடியில் குடைந்து உருக்க, பெரிய பாளங்கள் அப்படியே கவிழ்கின்றன. சில ஆண்டுகளில் அந்த ஓராண்டுப் பின்வாங்கலே 15 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே காற்றின் வேகத்தைவிட, கடல் பனி விலகித் திறந்த நீர் எத்தனை நாள் இருந்தது என்பது முக்கியம். பனி மூடியிருந்தால் எவ்வளவு காற்று அடித்தாலும் அலை எழாது.

ஓதமானி

சண்டை இல்லை, ஒரு திருத்தம் மட்டும். உலகம் முழுவதையும் ஒரே வரைபடத்தில் போட்டால் பாறை வலிமையின் வேறுபாடு ஆயிரம் மடங்கு, அலையின் வேறுபாடு பத்து மடங்குகூட இராது. பெரியது சிறியதை மறைக்கத்தான் செய்யும். ஒரே ஓங்கலில் பாறை மாறுவதில்லை, அலை மாறுகிறது. ஓங்கல் அரிப்பை ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர் சுனமுரா சொன்னபடி அலையின் தாக்குவிசை பாறையின் எதிர்ப்பைத் தாண்டினால்தான் அரிப்பே தொடங்கும், அதுவரை பூஜ்யம். இப்படி வாசல் வைத்த தொடர்பை நேர்கோட்டில் பொருத்தினால் எதுவும் தெரியாது. உலகளாவிய தரவிலும் சரி, கரைக்கோட்டின் வரைபடத்திலும் சரி.

கரைக்கோடு

நன்றி. வடிவத்தைப் பார்த்தேன். வடக்குப் பாதி செங்குத்து, அடியில் குப்பை இல்லை. தெற்குப் பாதியில் ஈரக்கோடும் குப்பைக் கூம்புகளும் இருக்கின்றன. இதுவரை இரண்டையும் ஒன்றாகக் கூட்டித்தான் போட்டிருந்தேன். இனி பிரிக்கிறேன். காற்றுமானி விளிம்பிலிருந்து 3 மீட்டர் உள்ளே, 2 மீட்டர் கம்பத்தில் இருக்கிறது. மழைமானியும் அங்கேயே. அது சரியா? ட்ரோன் அளவீட்டில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

முகவரைவு

முதலில் கருவிகள். விளிம்பில் காற்று மேலே திரும்பி விரைவடைகிறது, விளிம்பைத் தாண்டியதும் பிரிந்து சுழல்கிறது. 3 மீட்டர் உள்ளே, 2 மீட்டர் உயரத்தில் நீங்கள் அளப்பது பெரும்பாலும் அந்தச் சுழலை. திசைகூட நேர் எதிராகக் காட்டலாம். ஓங்கல் உயரத்தைப்போல் பல மடங்கு உள்ளே தள்ளி, 10 மீட்டர் கம்பத்தில் வையுங்கள். பழைய தரவை ஈரா5 காற்றோடு ஒப்பிட்டுத் திசைவாரியாகத் திருத்தலாம். கரையை நோக்கிய திசைகளில் ஒப்பீடு மோசமாக இருந்தால் அந்தத் தரவை விட்டுவிடுங்கள்.

மழைமானி விளிம்பில் இருந்தால் மேலெழும் காற்று துளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பலத்த காற்றோடு பெய்யும் மழையில்தான் அதிகம் குறையும், அதாவது உங்களுக்கு வேண்டிய மழையில்தான். உள்ளே தள்ளி, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி குழியில் இறக்கினால் நல்லது.

ட்ரோன்: நேர் கீழே பார்த்த படங்கள் செங்குத்து முகத்துக்கு உதவாது. கடல் பக்கமிருந்து முகத்தைப் பார்த்து, இரண்டு மூன்று உயரங்களில் கரைக்கு இணையாகப் பறந்து, கேமராவைக் கிடைமட்டத்திலும் 20 பாகை மேல்நோக்கியும் வைத்து எடுங்கள். மேல்நோக்கிய படங்கள் இல்லாமல் அடிவெட்டின் கூரை வராது. அடுத்தடுத்த படங்களின் முன்பின் மேற்பொருந்தல் 80%, பக்கவாட்டில் 70%. தாழ் ஓதத்தில், மேகமூட்டத்தில் பறந்தால் நிழல் பிரச்சினை குறையும். கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இடம் துல்லியமாக அளந்த அடையாளங்கள்) மேலே மட்டும் வைத்தால் முப்பரிமாண மாதிரி கீழ்ப்பக்கம் வளைந்துவிடும். அடிவாரத்திலும் வையுங்கள், ஆனால் முகத்துக்கு முதுகு காட்டி அடியில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். ஈரக்கோடு இருக்கும் தெற்குப் பாதியில் மழைக்குப் பின் இறங்கவே வேண்டாம்.

ஒப்பிடும்போது மேலிருந்து பார்த்த உயர வேறுபாட்டை எடுக்காமல், முகத்துக்குச் செங்குத்தான திசையில் தூரம் எடுங்கள். கிளவுட்கம்பேர் மென்பொருளில் எம்3சி2 (M3C2) என்ற கணக்கீட்டு முறை அதைத்தான் செய்கிறது. இரண்டு அளவீடுகளைப் பொருத்துவதில் 3 செ.மீ. பிழை இருந்தால், 6 செ.மீ.க்குக் குறைந்த மாற்றங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாறாத ஒரு கட்டிடத்தையோ காங்கிரீட் சுவரையோ சட்டகத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதில் சோதியுங்கள். செடி, புல் இருக்கும் இடத்தைத் தனியே மறையுங்கள். காற்றில் அசைந்த புல் 20 செ.மீ. அரிப்பாகத் தோன்றும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் மாத இடைவெளி. ஒரு மாதத்தில் ஒரே இடத்தில் மூன்று முறை சிறிது சிறிதாக விழுந்தால் உங்களுக்கு ஒரு பெரிய விழுகையாகத் தெரியும். எந்த நாள் என்பதும் தெரியாது. நாள் தெரியாமல் வானிலையோடு பொருத்த முடியாது. அளவீடுகளுக்கு நடுவே நிலையான கேமரா ஒன்று வைத்து நேரத்தைப் பிடியுங்கள், கன அளவை ட்ரோன் தரட்டும்.

ஈரமண்

தெற்குப் பாதிக்கு ஏதாவது செய்யும் எண்ணம் இருந்தால் சொல்லி வைக்கிறேன். அங்கே அடியில் கல் கொட்டிப் பயனில்லை, தண்ணீரை எடுக்க வேண்டும். விளிம்புக்குப் பின்னால் குறுக்கு வடிகால் வெட்டி மேல்நீரைத் திருப்பலாம். களிப்பாறைக்குச் சற்று மேலே, உள்நோக்கி 3 முதல் 5 பாகை ஏறும்படி துளையிட்டு, துளைக் குழாயை வடிதுணி சுற்றிச் செருகலாம். இவை கெடுவது எப்போதும் ஒரே மாதிரி: நுண்மணலும் இரும்புச் சேறும் அடைத்துவிடும். குழாய் வாயில் செம்பழுப்புக் கொழகொழப்பு வந்தாலே அழுத்த நீரால் கழுவ வேண்டும். கழுவ வழியில்லாத இடத்தில் பதித்த குழாய் சில வருடங்களில் ஓட்டம் நின்று வெறும் குழாயாகிவிடும். குறுக்கு வடிகாலின் தண்ணீரை ஓங்கல் முகத்திலேயே கொட்டவிட்டால் புதிதாக ஓர் ஓடை வெட்டிக்கொள்வீர்கள்.

கரைநிலவியல்

வடக்குப் பாதியில் கல் அரண் போடும் ஆசை யாருக்காவது வந்தால் மேப்பில்டனைப் பார்த்துவிட்டு வரட்டும். அதுவும் ஹோல்டர்னஸ்தான். 1991-இல் இரண்டு கல் தடுப்புகள் போட்டார்கள். ஊருக்கு முன்னால் மணல் சேர்ந்தது, ஊர் தப்பியது. தெற்கே போக வேண்டிய மணல் குறைந்து, தெற்கே உள்ள கௌடன் பக்கம் அரிப்பு கூடியது. ஓங்கல் உதிர்வதுதான் கீழ்க்கரைக்கு (மணல் நகர்ந்து போகும் பக்கத்துக் கரைக்கு) மணல் வரும் வழி. அதை அடைத்தால் இழப்பு நிற்பதில்லை, இடம் மாறுகிறது. முடிவெடுக்கும்போது கீழ்க்கரையில் இருப்பவர்களும் மேசையில் இருக்க வேண்டும்.

கரைக்கோடு

இப்போதைக்கு அரண் எதுவும் திட்டத்தில் இல்லை. இரண்டு பாதிக்கும் தனித்தனியாக: வடக்குக்கு அடிவாரம் தொட்ட மணி நேரம், மணல் மட்டம், அடிவெட்டு ஆழம், குவியல் கன அளவு. தெற்குக்கு நாலு முன்மழைச் சாளரங்கள், 75% கடப்பு எண்ணிக்கை. பன்மாறிப் பொருத்தம் போடலாமா?

முகவரைவு

24 மாதம் என்றால் 24 புள்ளிகள். அதில் நாலைந்து மாறிகளைப் போட்டால் எதையும் அழகாகப் பொருத்திவிடலாம், அடுத்த வருடம் பொய்த்துவிடும். ஒரு பாதிக்கு இரண்டு மாறிகளுக்கு மேல் வேண்டாம். வடக்குக்குத் தொட்ட மணி நேரமும் மணல் மட்டமும். தெற்குக்கு 30 நாள் முன்மழையோடு நிறுத்துங்கள். கன அளவை நேராகப் பொருத்தாமல், முதலில் "விழுந்தது, விழவில்லை" என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே ஒரு பெரிய விழுகை மொத்தக் கன அளவில் பாதியைத் தின்றுவிடும், அது எந்த மாதத்தில் விழுந்ததோ அந்த மாத வானிலைக்குப் பொய்யான எடை போய்விடும். அடிவெட்டு ஆழத்தைப் பொருத்தத்தில் சேர்க்காமல் தனியாக மாதாமாதம் வரைந்து வையுங்கள். அடுத்த விழுகை எங்கே என்பதை எந்தப் பொருத்தத்தையும்விட அது சீக்கிரம் காட்டும்.

கரைக்கோடு

சரி. கேமரா அரை மணிக்கு ஒரு படம் போதுமா?

முகவரைவு

பகலில் அரை மணி போதும். உயர் ஓதத்துக்கு முன்பின் ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் 5 நிமிடத்துக்கு ஒன்று வையுங்கள், அலை அடிவாரத்தைத் தொட்டதா என்பதும் படத்திலேயே பதிவாகும். உங்கள் நீர்மட்டக் கணக்கைச் சரிபார்க்க அதைவிட நல்ல சான்று கிடையாது. இரவில் விழுந்தால் முந்தைய மாலைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவே என்று குறித்துக்கொள்ளலாம். கேமரா முகத்தை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கட்டும், அடிவெட்டின் நிழல் தெரியும். கண்ணாடியில் உப்பு படியும். உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும், நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் துடையுங்கள். கரையை நோக்கிக் காற்று அடித்த ஒவ்வொரு முறைக்குப் பின்னும் இதைச் செய்ய வேண்டிவரும்.